ப்ராக்ஸ்மாக்ஸ் சர்வரின் பாதுகாப்பு: பல வருடம் ஓட்டிய பிறகு எது நிலைத்தது

ஒரே சர்வரில் பல மெய்நிகர் கணினிகளை (விஎம்) ஓட்ட உதவும் தளம், அதாவது ஹைப்பர்வைசர், ப்ராக்ஸ்மாக்ஸ் விஇ. பதிப்பு 6 காலத்திலிருந்து இதைப் பயன்படுத்துகிறேன். அலுவலகத்தில் ஒரு சிறிய கிளஸ்டர் (சேர்ந்து இயங்கும் பல சர்வர்கள்; ஒவ்வொன்றும் ஒரு நோடு), வீட்டில் தனியாக ஒரு சர்வர். பாதுகாப்புக்கென்று இதில் செய்து பார்த்தவை நிறைய. அவற்றில் இரண்டுக்குத்தான் முதலிடம் தருவேன்: நிர்வாகப் பக்கத்தை யாரால் தொட முடியும் என்பதும், ரூட் (முழு அதிகாரமுள்ள நிர்வாகி) அனுமதி பறிபோன பிறகும் பேக்கப் மிஞ்சுமா என்பதும்.

2023 பிப்ரவரியில் ஈஎஸ்எக்ஸ்ஐஆர்க்ஸ் என்ற, கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வேர், ஆயிரக்கணக்கான விஎம்வேர் ஈஎஸ்எக்ஸ்ஐ (இதுவும் ஒரு ஹைப்பர்வைசர்) சர்வர்களில் புகுந்தது நினைவிருக்கலாம். நெட்வொர்க்கில் சேவைகளைக் கண்டறிய உதவும் ஓப்பன்எஸ்எல்பி சேவையில், போர்ட் 427 வழியாக எட்டக்கூடிய ஓட்டையைத்தான் அப்போது சுட்டிக்காட்டினார்கள். அதற்கான பேட்ச் 2021 பிப்ரவரியிலேயே வந்துவிட்டது. விஎம்களுக்குள் எவ்வளவு நல்ல ஆன்டிவைரஸ் இருந்தாலும் அங்கே வேலைக்கு ஆகாது. அடி விழுந்தது அவற்றுக்குக் கீழே இருக்கும் தளத்தில்.

ப்ராக்ஸ்மாக்ஸில் கவனிக்க வேண்டிய வாசல்கள் (போர்ட்) முக்கியமாக இரண்டு: இணையத் திரைக்கான 8006, தொலைவிலிருந்து கட்டளை கொடுக்கும் எஸ்எஸ்ஹெச்சுக்கான 22. இரண்டையும் தனி விலானில் (நெட்வொர்க்குக்குள் பிரித்த தனிப் பகுதி) வைத்தேன். வெளியிலிருந்து வரவேண்டுமென்றால் முதலில் வயர்கார்டு விபிஎன் (மறையாக்கப்பட்ட தனி இணைப்பு). சர்வரைத் தொலைவிலிருந்தே இயக்கவும் அணைக்கவும் உதவும் ஐபிஎம்ஐ போர்ட்டும் அதே விலானில்தான். ஐபிஎம்ஐ கையில் கிடைத்தவர் சர்வருக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவருக்குச் சமம்; இதைப் பலர் பொது நெட்வொர்க்கிலேயே விட்டுவைப்பது எனக்குக் கவலை தருகிறது.

உள்ளேயே இருக்கும் ஃபயர்வால் டேட்டாசென்டர், நோடு, விஎம் என்று முக்கியமாக மூன்று அடுக்கு. டேட்டாசென்டர் அளவில் இயக்கியதும் உள்ளே வருவதெல்லாம் நிறுத்தப்படும். உள்ளூர் நெட்வொர்க்கிலிருந்து 8006, 22 மட்டும் திறந்திருக்கும். அதனால் விபிஎன் முகவரிகளை 'மேனேஜ்மென்ட்' என்ற ஐபி செட்டில் (முகவரிப் பட்டியல்) சேர்த்துவிட்டு அப்புறம் இயக்குங்கள். விஎம் அளவில் நெட்வொர்க் கார்டில் ஒரு டிக், விஎம்மின் ஃபயர்வால் அமைப்பில் இன்னொரு டிக் என இரண்டும் வேண்டும். ஒன்று விடுபட்டாலும் எழுதி வைத்த விதிகள் திரையில் அழகாகத் தெரியும், ஆனால் எதையும் தடுக்காது.

ரூட் கணக்கை அன்றாட வேலைக்குத் தொடுவதில்லை. ஆளுக்கொரு கணக்கு, டிஓடிபி (ஃபோனில் மாறிக்கொண்டே வரும் ஒருமுறைக் குறியீடு) கட்டாயம், மீட்புச் சாவிகள் காகிதத்தில். ஸ்கிரிப்ட்களுக்குக் கடவுச்சொல்லுக்குப் பதிலாக ஏபிஐ டோக்கன் என்ற தனிச் சாவி. அதிலும் அனுமதிப் பிரிப்பை (கணக்கின் உரிமை எல்லாம் டோக்கனுக்குப் போகாமல் தடுப்பது) அணைக்காமல், தேவையான உரிமை மட்டும். இணையத்தில் கிடைக்கும் பட்டியல்கள் எஸ்எஸ்ஹெச்சில் ரூட் நுழைவை முழுதாக மூடச் சொல்லும். கிளஸ்டரில் அதைச் செய்யாதீர்கள். நோடுகள் தமக்குள் பேச அதைப் பயன்படுத்துகின்றன. கடவுச்சொல் நுழைவை மட்டும் மூடி, சாவி நுழைவை விட்டால் சரி.

ஹோஸ்ட் சர்வரின் கர்னலையே (இயங்குதளத்தின் மையக்கரு) பகிர்ந்துகொள்ளும் எல்எக்ஸ்சி கன்டெய்னர்களில் அன்பிரிவிலேஜ்ட் வகை மட்டும்தான். உள்ளே ரூட்டாகத் தெரிபவர் ஹோஸ்டில் 100000 என்ற சாதாரணப் பயனர். இருந்தாலும் கர்னல் ஒன்றுதான். இணையத்தைப் பார்த்து நிற்கும் எதையும், டாக்கர் கன்டெய்னர்களையும், முழு விஎம்மில் வைக்கிறேன். ரேம் கொஞ்சம் கூடப் போகும், போகட்டும். விஎம்மும் இரும்புச் சுவர் இல்லை. 2015-இல் வெளியான வெனம் ஓட்டை, விஎம்களுக்கு வன்பொருளைப் போலச் செய்து காட்டும் கியூஇஎம்யூவின் ஃபிளாப்பி கன்ட்ரோலர் நிரலில் இருந்தது. யாரும் பயன்படுத்தாத ஃபிளாப்பி! எனவே கர்னல், கியூஇஎம்யூ, சிபியு மைக்ரோகோடு மூன்றுக்கும் மாதம் ஒரு முறை பராமரிப்பு நேரம் ஒதுக்குகிறேன். கிளஸ்டரில் லைவ் மைக்ரேஷன் (ஓடும் விஎம்மை நிறுத்தாமல் வேறு நோடுக்கு நகர்த்துவது) இருப்பதால் ஒவ்வொரு நோடாக ரீபூட் செய்ய முடிகிறது. வீட்டில் சேவை சற்று நேரம் நிற்கும், அவ்வளவுதான்.

எனக்கு அதிக நிம்மதி தந்தது ப்ராக்ஸ்மாக்ஸ் பேக்கப் சர்வர். தனி இயந்திரம், தனிக் கடவுச்சொல், கிளஸ்டரோடு எந்த உறவும் இல்லை. விஇ பக்கம் கொடுத்திருக்கும் டோக்கனுக்கு 'டேட்டாஸ்டோர்பேக்கப்' பொறுப்பு மட்டும்: புதிதாக எழுதலாம், தன்னுடையதைப் படிக்கலாம், பழையதை அழிக்க முடியாது. பழையவற்றைக் கழிக்கும் வேலை பேக்கப் சர்வரிலேயே நடக்கிறது. நாளை ஒருவர் ஹைப்பர்வைசரில் ரூட்டாகவே நுழைந்தாலும் அந்த டோக்கனை வைத்து நேற்றைய பேக்கப்பை அழிக்க முடியாது. இன்னோர் இடத்தில் இருக்கும் இரண்டாவது பேக்கப் சர்வர் முதலாவதிலிருந்து தானே வந்து இழுத்துக்கொள்கிறது. முதலாவதிடம் இரண்டாவதின் சாவி கிடையாது. மறையாக்கச் சாவியை அச்சிட்டுப் பெட்டகத்தில் வைத்திருக்கிறோம். அந்தச் சாவி தொலைந்தால் பேக்கப்பும் தொலைந்ததாகவே அர்த்தம் என்பதால் இதில் சோம்பல் கூடாது.

தவறான கடவுச்சொல்லைத் திரும்பத் திரும்பப் போடும் முகவரிகளைத் தடுக்கும் ஃபெயில்டுபான் போட்டேன், விபிஎன்னுக்குப் பின்னால் அதற்கு வேலையே இல்லை, எடுத்துவிட்டேன். போர்ட் எண்ணை மாற்றுவதும் அப்படித்தான். ப்ராக்ஸ்மாக்ஸ் விஇ 8.2-இல் முன்னோட்டமாக வந்த, லினக்ஸின் புதிய வடிகட்டியான என்எஃப்டேபிள்ஸில் இயங்கும் ஃபயர்வாலை வீட்டுச் சர்வரில் ஓட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அலுவலகத்தில் இப்போதைக்குப் பழைய ஐபிடேபிள்ஸ்தான்.