லீஃப்ஸ் கையெழுத்து ஜேர்சி வாங்கப் போகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

ரொறன்ரோ மேப்பிள் லீஃப்ஸ் ஐஸ் ஹொக்கி அணியின் பழைய வீரர் ஒருவர் கையெழுத்துப் போட்ட ஜேர்சியை, பிரேம் போட்டுக் கண்ணாடிக்குள் வைத்து, சான்றிதழும் சேர்த்து உங்களுக்கு யாராவது விற்க வந்தால், காசு கட்டுவதற்கு முன் இதை ஒருக்கால் வாசித்துவிடுங்கள். எங்கள் அப்பாவின் 70ஆவது பிறந்தநாளுக்கு நாங்கள் பிள்ளைகள் காசு சேர்த்து அப்படி ஒன்று வாங்கினோம். அது போலி என்று கையெழுத்துச் சரிபார்க்கும் நிறுவனம் ஒன்று எழுதித் தந்த கடிதம் இப்போது எங்களிடம் இருக்கிறது. விற்றவர்களின் பெயரை இங்கே போடப் போவதில்லை. விஷயம் இன்னும் முடியவில்லை, அதோடு இந்தச் சுத்துமாத்தைச் செய்பவர்கள் அவர்கள் மட்டும் இல்லை.

எங்கள் வீட்டில் லீஃப்ஸ் எப்படி நுழைந்தது என்று சொன்னால்தான் ஏன் அந்த ஜேர்சி என்பது விளங்கும். அப்பா ரொறன்ரோவுக்கு வந்தது எண்பதுகளின் நடுவில். வேலை இல்லாத சனிக்கிழமை இரவுகளில், அறையில் கூட இருந்தவர்களோடு ரீவியில் பார்த்துத்தான் ஹொக்கியைப் பிடித்துக்கொண்டார். லீஃப்ஸ் அப்போது படுமோசமான அணி. ஆனால் 21ஆம் இலக்கம் போட்ட போர்யே சால்மிங் அதில் இருந்தார். 1973இல் சுவீடனில் இருந்து வந்தவர். வட அமெரிக்காவின் பெரிய ஹொக்கி லீக்கான என்எச்எல்லில் ஐரோப்பியர்கள் அபூர்வமாக இருந்த காலம். சுவீடன்காரன் என்றால் பயந்தவன் என்று சொல்லி எதிரணிகள் அவரைத் தேடித் தேடி அடித்தன. அவர் போகவில்லை. 1989 வரை, 16 பருவங்கள் லீஃப்ஸுக்கு விளையாடினார். 1986 நவம்பரில் டெட்ரோயிட்டுடனான ஆட்டத்தில் விழுந்து கிடந்தபோது எதிரணி வீரர் ஒருவரின் ஸ்கேட் கத்தி முகத்தைக் கிழித்து, 200க்கு மேல் தையல் போட வேண்டி வந்தது. அதற்குப் பிறகும் விளையாட வந்தார். "வெளியிலிருந்து வந்தவன். எல்லாரும் மிதிக்க மிதிக்க நின்று விளையாடினான்" என்று அப்பா சொல்வார். அதற்கு மேல் அவர் விளக்கம் சொன்னதில்லை, எங்களுக்குத் தேவைப்பட்டதும் இல்லை.

அம்மா அவரைவிடத் தீவிரம். ஐசிங், ஓஃப்சைட் போன்ற விதிமீறல்களை எல்லாம் நடுவர் விசில் ஊதுவதற்கு முதல் அம்மா சொல்லிவிடுவார். 2013இல் பொஸ்டனுக்கு எதிரான தொடரைத் தீர்மானிக்கும் ஏழாவது ஆட்டத்தில் 4-1 என்று முன்னால் நின்றுவிட்டு மேலதிக நேரத்தில் 5-4 என்று தோற்றார்களே, அந்த இரவு பற்றி இன்றைக்கும் அம்மாவுக்கு முன்னால் யாரும் வாய் திறப்பதில்லை. 2023இல் ஜோன் டவாரெஸ் மேலதிக நேரத்தில் கோல் அடித்து டாம்பா பேயை வீழ்த்தியபோது, 2004க்குப் பிறகு லீஃப்ஸ் வென்ற முதல் பிளேஓஃப் (கோப்பைக்கான வெளியேற்றச் சுற்று) தொடர் அது, அக்காவின் மகன் நித்திரையில் இருந்தவர்களை எல்லாம் எழுப்பினான். என்எச்எல் சாம்பியனுக்குக் கொடுக்கும் ஸ்டான்லி கோப்பை லீஃப்ஸுக்குக் கடைசியாக வந்தது 1967இல். அதைக் கண்ணால் கண்டவர்கள் எங்கள் குடும்பத்தில் ஒருவரும் இல்லை.

இப்படிப்பட்ட குடும்பங்களைத்தான் இந்த வியாபாரிகள் குறிவைக்கிறார்கள். கோப்பை வராத அணியின் ரசிகர்களுக்கு மிச்சம் இருப்பது பழைய ஆட்கள். சிட்லர், சால்மிங், கில்மர், சண்டின் என்று ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு தெய்வம் உண்டு. நீங்கள் எந்தக் காலத்தில் ஹொக்கி பார்க்கத் தொடங்கினீர்கள் என்று கேட்டாலே போதும், எந்தப் பெயரைக் காட்ட வேண்டும் என்று விற்பவனுக்குத் தெரிந்துவிடும். எங்களிடம் அதைத்தான் கேட்டார்கள். "யாருக்கு வாங்குகிறீர்கள்? எத்தனை வயது? எப்போது வந்தவர்?" அன்பாகத்தான் கேட்டார்கள். தம்பி சொல்லி முடிக்க, உள்ளே இருந்து சால்மிங் வந்துவிட்டது.

பார்த்தால் வடிவாகத்தான் இருந்தது. கறுப்புப் பிரேம், நீல ஜேர்சி, 21இன் மேல் வெள்ளிநிற மையில் கையெழுத்து, கீழே பித்தளைத் தகடு. மூலையில் பளபளக்கும் ஹொலோகிராம் ஸ்டிக்கர், அதில் ஓர் இலக்கம். சான்றிதழில் "2022 நவம்பர், ரொறன்ரோ, எங்கள் பிரதிநிதியின் முன்னிலையில் கையெழுத்திடப்பட்டது" என்று இருந்தது. அக்கா தன் பங்கைக் கடனட்டையில் கட்டினார். மிச்சத்தை இ-ட்ரான்ஸ்ஃபராக (வங்கிக் கணக்கிலிருந்து நேரடியாக) அனுப்பினால் வரியைக் கழித்துத் தருவோம் என்றார்கள், அப்படியே அனுப்பினோம். பிரேமின் பின்பக்கம் பழுப்புத் தாள் ஒட்டி அடைத்திருந்தது. அதைத் திறந்தால் உத்தரவாதம் செல்லாது என்று சின்ன எழுத்தில் ஒரு வரி.

பிறந்தநாள் அன்று அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதலில் ஜேர்சியைப் பார்த்தார், பிறகு சான்றிதழை எடுத்து வாசித்தார். "2022 நவம்பரா?" என்றார். ஓம் அப்பா, அவர் கடைசியாக இங்கே வந்தபோது போட்டதாம், என்றேன். "தம்பி, இது அவன் போட்டதில்லை" என்றார்.

எப்படி என்று கேட்கத் தேவை இருக்கவில்லை. சால்மிங்குக்கு ஏஎல்எஸ் என்று 2022 ஆகஸ்டில் அறிவித்தார்கள். நரம்புகள் செயலிழந்து தசைகள் ஒவ்வொன்றாக நின்றுபோகிற நோய். நவம்பர் 11ஆம், 12ஆம் தேதிகளில் அவரை ரொறன்ரோவுக்கு அழைத்துவந்து கௌரவித்தபோது பேச்சு போயிருந்தது. அரங்கில் கூட்டம் எழுந்து நின்று கைதட்ட, பதிலுக்குக் காட்ட அவரால் கையைத் தூக்க முடியவில்லை. பக்கத்தில் நின்ற, அவரோடு லீஃப்ஸில் விளையாடிய டாரில் சிட்லர்தான் அழுதுகொண்டே அவர் கையைப் பிடித்து உயர்த்தினார். மறுநாள் வான்கூவருக்கு எதிரான ஆட்டத்தை, அவருக்கு மரியாதையாக, களத்தில் இறங்கும் ஆறு பேரையும் சுவீடன்காரர்களாகவே வைத்து லீஃப்ஸ் தொடங்கியது. நவம்பர் 24இல் சால்மிங் இறந்துவிட்டார். அந்தக் காட்சியை லீஃப்ஸ் பார்க்கிற எந்த வீட்டிலும் மறந்திருக்க மாட்டார்கள். தன் கையைத் தானே தூக்க முடியாத மனிதர், அதே மாதத்தில் 21ஆம் இலக்கத்தின் குறுக்கே, வளைவு நெளிவு ஒன்றும் பிசகாமல், ஒரே இழுப்பில் கையெழுத்துப் போட்டாராம்.

அந்தத் தேதியை ஏன் போட்டார்கள் என்று பிறகு யோசித்தேன். ஆள் ரொறன்ரோவில் இருந்தார் என்பதற்குப் பத்திரிகைச் செய்தி இருக்கிறது, இறப்பதற்குச் சற்று முன் போட்ட கையெழுத்து என்றால் விலையும் கூடும். சாகப்போகிற மனிதரின் கடைசி நாட்களை வைத்துக் காசு பார்த்திருக்கிறார்கள். எனக்குக் காசு போனதைவிட இதுதான் ஆத்திரம்.

அப்புறம் பிரேமைத் திறந்தோம். உத்தரவாதமாவது மண்ணாங்கட்டியாவது. ஆட்டக்காரர்கள் போடுகிற அதே தரம் என்று விற்ற ஜேர்சி அது. உண்மையில் அந்தத் தர ஜேர்சியின் உள்ளே, பின்பக்கக் கீழ் விளிம்பில், ஒரு கனமான பட்டி தைத்திருக்கும். சண்டையில் எதிராளி ஜேர்சியை இழுத்துத் தலைக்கு மேல் போடாமல் இருக்க, அதைக் காற்சட்டையோடு மாட்டிக்கொள்வார்கள். ஃபைட் ஸ்ட்ராப் என்று பெயர். இதில் அது இல்லை. இலக்கங்கள் தைக்கப்படவில்லை, சூட்டில் ஒட்டியிருந்தார்கள், ஒரு மூலை ஏற்கனவே எழும்பியிருந்தது. கழுத்துப் பட்டியில் தயாரிப்பாளர் அடையாளத்தை வெட்டி எடுத்திருந்தார்கள். ஜேர்சியின் நெஞ்சில் இருந்த இலைச் சின்னத்தை அக்காவின் மகன் எண்ணத் தொடங்கினான். 2016இல் லீஃப்ஸ் கொண்டுவந்த சின்னத்தில் 31 முனைகளும் 17 நரம்புகளும் இருக்கும்: 1931இல் மேப்பிள் லீஃப் கார்டன்ஸ் திறந்தது, 1917இல் அணி தொடங்கியது, அந்தக் கணக்கு. மேல்பகுதியில் உள்ள 13 நரம்புகள் 13 கோப்பைகளுக்கு. இவன் எண்ணியதில் நரம்பு 14தான் வந்தது.

அவன் செய்த இன்னொரு வேலையும் சொல்ல வேண்டும். ஹொலோகிராமில் இருந்த இலக்கத்தை, சான்றிதழில் குறிப்பிட்டிருந்த இணையப் பக்கத்தில் அடித்துப் பார்த்தான். "உண்மையானது, பதிவு செய்யப்பட்டது" என்று பச்சை நிறத்தில் வந்தது. பிறகு தன் பிறந்த தேதியை அடித்தான். அதற்கும் அதே பச்சை. "மாமா, நானும் சால்மிங் கையெழுத்து" என்றான். வீட்டில் அன்றைக்கு எல்லாரும் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

ஆகவே சான்றிதழ் என்ற சொல்லுக்கு மயங்காதீர்கள். விற்பவரே அச்சடித்துத் தருகிற சான்றிதழ், நானே எனக்குக் கொடுத்துக்கொள்கிற நற்சான்றிதழ் மாதிரி. கையெழுத்துச் சரிபார்ப்பதற்கென்று பிஎஸ்ஏ, ஜேஎஸ்ஏ, பெக்கெட் போன்ற நிறுவனங்கள் தனியாக இருக்கின்றன. அவற்றின் ஸ்டிக்கரையும் போலியாக அடிக்கிறார்கள் என்பதால், விற்பவர் காட்டும் இணைப்பையோ கியூஆர் குறியையோ நம்பாமல், நீங்களே அந்த நிறுவனத்தின் தளத்துக்குப் போய் இலக்கத்தைத் தட்டுங்கள். வருகிற விவரம் கையில் இருக்கிற பொருளோடு பொருந்துகிறதா என்றும் பாருங்கள். பட்டியலில் பக் (ஹொக்கியில் அடிக்கும் ரப்பர் வட்டு) என்று இருக்கும், உங்கள் கையில் ஜேர்சி இருக்கும்.

மையையும் பாருங்கள். துணியில் மார்க்கரால் எழுதினால் மை நூலோடு கொஞ்சம் கசியும், கோடுகள் வெட்டிக்கொள்கிற இடத்தில் தடிப்பாகும், ஆள் கையை எடுக்கிற இடத்தில் மெலியும். எங்களுடையதில் தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே தடிப்பு. விளக்கைச் சரித்துப் பிடித்தால் நன்றாகத் தெரியும். ஆனால் கண்ணாடிக்கு வெளியே நின்று இதைப் பார்க்க முடியாது. பிரேமைத் திறக்கச் சம்மதிக்காத ஆளிடம் வாங்கவே வேண்டாம். எல்லாவற்றுக்கும் முதல், அந்த வீரர் அந்தத் தேதியில் எங்கே இருந்தார், என்ன நிலையில் இருந்தார் என்று பாருங்கள். கையெழுத்தைக் கள்ளமாகப் போடுகிறவர்கள் அதைப் பழகிவிட்டார்கள், வரலாறு பார்க்க மெனக்கெடுவதில்லை.

இனிப் பணம். விற்றவர்களிடம் கதைத்தபோது முதலில் "தேதி அச்சுப் பிழை" என்றார்கள். அப்படியானால் எந்தத் தேதி என்று கேட்டேன், பார்த்துச் சொல்கிறோம் என்றார்கள். மறுபடி எடுத்தபோது "பிரேமைத் திறந்துவிட்டீர்கள், இனி எங்கள் பொறுப்பு இல்லை" என்றார்கள். அதற்குப் பிறகு தொலைபேசியை எடுக்கவே இல்லை.

கடனட்டையில் கட்டிய பங்கு திரும்பி வந்தது. போலிப் பொருள் என்று வங்கியிடம் முறையிட்டோம், அவர்கள் ஆதாரம் கேட்டார்கள். அதற்குத்தான் அந்தச் சரிபார்க்கும் நிறுவனத்துக்கு அனுப்பிக் கடிதம் எடுத்தோம். அந்தக் கடிதத்துக்கும் செலவு உண்டு, ஆனால் அது இல்லாமல் வங்கி அசைந்திருக்காது. இ-ட்ரான்ஸ்ஃபரில் போனது போனதுதான். ஆட்கள் வாங்கிக் கணக்கில் போட்டுவிட்டால் வங்கி அதை இழுத்துத் தராது. வரி கழிப்பு என்று ஏன் ஆசை காட்டினார்கள் என்பது அப்போதுதான் விளங்கியது.

இதேபோல வாங்கியவர்கள் இருந்தால் விட்டுவிடாதீர்கள். பொய் சொல்லி விற்றால் ஒன்ராறியோ நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி ஒப்பந்தத்தை ரத்துச் செய்யலாம், ஆனால் வாங்கிய ஓராண்டுக்குள் விற்றவருக்கு அறிவிக்க வேண்டும். எழுத்தில், தேதியோடு, பிரதி எடுத்து வைத்துக்கொண்டு அனுப்புங்கள். கனடிய மோசடித் தடுப்பு மையத்திலும் பதிவு செய்யுங்கள். அவர்கள் உங்கள் காசை மீட்டுத் தர மாட்டார்கள், ஆனால் ஒரே ஆள்மீது முறைப்பாடுகள் சேர்ந்தால்தான் பொலிஸ் திரும்பிப் பார்க்கும். நாங்கள் மிச்சக் காசுக்குச் சிறு உரிமைகோரல் நீதிமன்றத்துக்குப் போயிருக்கிறோம். போலியை வீசிவிடவோ, நட்டத்தைக் குறைக்க வேறு யாருக்காவது விற்கவோ வேண்டாம். அதுதான் உங்கள் ஆதாரம், விற்றால் நீங்களும் அதே மோசடியைச் செய்தவர் ஆவீர்கள்.

இதை இப்போது எழுதுவதற்குக் காரணம், அவர்கள் கடையை மூடவில்லை. போன வாரம் அக்கா அவர்களின் பக்கத்தில் புதுப் பொருள் ஒன்றைப் பார்த்தார்: 1967 கோப்பை அணியின் முழுக் கையெழுத்துகளோடு ஹொக்கி மட்டைகள். அந்த அணியின் கோல்காப்பாளர்களில் ஒருவரான டெரி சாவ்சக் 1970இல் இறந்துவிட்டார், அதே அணியில் விளையாடிய ரிம் ஹோர்ட்டன் 1974இல் கார் விபத்தில் போனார். அந்த இரண்டு பேரின் கையெழுத்தும் ஒன்றாக உள்ள பொருள் எவ்வளவு அரிது என்று சேகரிப்பவர்களைக் கேட்டால் சொல்வார்கள். இவர்களிடம் ஒரு மட்டையை வாங்கினால் அடுத்ததற்குப் பாதி விலையாம்.