மணிக்கணக்கா, ஷிப்ட் விகிதமா? முதியோர் பராமரிப்பு இல்லங்களில் ஆள் எண்ணிக்கையை நிர்ணயிக்கும் முறைகள்

அமெரிக்காவில் 1987-ல் வந்த கூட்டாட்சிச் சட்டம் முதியோர் நர்சிங் இல்லங்களிடம் கேட்பது கொஞ்சம்தான். பதிவு பெற்ற செவிலியர் ஒருவர் தினமும் தொடர்ந்து 8 மணி நேரம் இருக்க வேண்டும். உரிமம் பெற்ற செவிலியர் (பதிவு பெற்றவரோ, அவருக்கு அடுத்த நிலையில் உள்ளவரோ) ஒருவர் 24 மணி நேரமும் இருக்க வேண்டும். மற்றபடி 'போதுமான' ஊழியர்கள். 60 பேர் இருக்கும் இல்லத்துக்கும் 200 பேர் இருக்கும் இல்லத்துக்கும் அதே 8 மணிதான். 'போதுமான' என்பதை எந்த ஆய்வாளராலும் அளக்க முடியாது. ஒருவருக்குப் படுக்கைப்புண் வந்த பிறகு, ஆள் குறைந்ததால்தான் வந்தது என்று நிரூபிக்க வேண்டியிருக்கும். இது வரம்பே இல்லை. ஒப்பிட வேண்டியவை எண்ணால் அளக்கக்கூடிய மற்ற முறைகள்தான்.

முதலாவது, ஒரு முதியவருக்கு ஒரு நாளுக்கு இத்தனை மணி நேரம் என்ற கணக்கு. 2001-ல் அமெரிக்க அரசுக்கான ஆய்வு, 4.1 மணிக்குக் கீழே போனால் பராமரிப்பின் தரம் பாதிக்கப்படும் என்றது. 2024-ல் வந்த கூட்டாட்சி விதி 3.48 மணியோடு நின்றது. அதில் பதிவு பெற்ற செவிலியருக்கு 0.55, செவிலிய உதவியாளர்களுக்கு 2.45. அந்த விதியையும் 2025-ல் டெக்சாஸ் நீதிமன்றம் ரத்து செய்தது. அதே ஆண்டு நாடாளுமன்றம் அதன் அமலாக்கத்தை 2034 செப்டம்பர் வரை தடுத்துவிட்டது. மாநில அளவில் கலிபோர்னியா 3.5 மணி கேட்கிறது, அதில் 2.4 உதவியாளர்களுக்கு.

இரண்டாவது, ஷிப்ட் விகிதம்: ஒவ்வொரு ஷிப்டிலும் ஓர் ஊழியருக்கு இத்தனை முதியவர்கள் என்ற கணக்கு. ஒரிகான் மாநிலத்தில் உதவியாளர் ஒருவருக்குப் பகலில் 7 பேர், மாலையில் 9.5, இரவில் 17. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் அரசு இல்லங்களின் உயர்பராமரிப்புப் பிரிவுகளுக்குச் செவிலியர் விகிதமே உண்டு: காலையில் 7-க்கு ஒருவர், மதியம் 8-க்கு ஒருவர், இரவில் 15-க்கு ஒருவர்.

100 பேர் உள்ள இல்லத்துக்கு ஒரிகான் கணக்கைப் போட்டுப் பாருங்கள். பகலில் 14.3, மாலையில் 10.5, இரவில் 5.9 என மொத்தம் 30.7 ஷிப்ட். 8-ஆல் பெருக்கினால் சுமார் 246 மணி, அதாவது தலைக்கு 2.46. கூட்டாட்சி விதி கேட்ட 2.45-ம் இதுவும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் மணிக்கணக்கு முறையில் அந்த 245 மணியைப் பகலில் 18, மாலையில் 9, இரவில் வெறும் 4 பேர் என்று பிரித்தாலும் சட்டப்படி சரியாகிவிடும்.

அந்த இரவு எப்படிப் போகும்? தானாகப் புரள முடியாதவர்கள் 30 பேர் என்று வையுங்கள். இரண்டு மணிக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைத்து, ஈரமான துணியை மாற்ற, இருவர் சேர்ந்து 10 நிமிடம் ஆகும். தலைக்கு 20 ஆள்-நிமிடம் வீதம் ஒரு சுற்றுக்கு 600. நான்கு பேரிடம் அந்த இரண்டு மணியில் இருப்பதோ 480. ஒரு அழைப்பு மணிக்கும் போகாமல் உழைத்தாலும் சுற்று முடியாது. ஆறு பேர் என்றால் 720. மூச்சுவிட இடம் உண்டு. படுக்கைப்புண்ணும் இரவில் தனியாக எழுந்து விழுவதும் உருவாவது இந்த இடைவெளியில்தான். சராசரியை மூன்று மாதத்துக்கு எடுத்தால் ஞாயிற்றுக்கிழமைக் குறையைச் செவ்வாய்க்கிழமை மறைத்துவிடும்.

விகிதத்துக்கும் பலவீனம் உண்டு: 100 பேரில் 10 பேர் படுத்த படுக்கையானாலும் 50 பேர் ஆனாலும் எண் மாறாது. அங்கேதான் ஆஸ்திரேலியாவின் தேசிய முறை கைகொடுக்கிறது. 2024 அக்டோபர் முதல் தலைக்குச் சராசரி 215 நிமிடம், அதில் பதிவு பெற்ற செவிலியருக்கு 44. ஒவ்வொரு இல்லத்தின் இலக்கும் அங்குள்ளவர்களின் நிலையைப் பொறுத்து ஏறி இறங்கும். அந்த நிலையை வெளியிலிருந்து வரும் மதிப்பீட்டாளர் தீர்மானிப்பது முக்கியம். அமெரிக்காவில் முதியவரின் நிலையைப் பதியும் படிவத்தை நிரப்புவது இல்லத்தின் ஊழியர்களே. 2023 ஜூலை முதல் ஆஸ்திரேலியா 24 மணி நேரச் செவிலியரையும் தனி நிபந்தனையாக்கியது. நிமிடங்களின் சராசரி மட்டும் இரவைக் காக்காது.

ஷிப்ட் விகிதம் அடித்தளமாகவும், நோயின் தீவிரம் அதன் மேல் கூடுதலாகவும் இருப்பதே சரி. தீவிரக் கணக்கு விகிதத்தைக் குறைக்க ஒருபோதும் பயன்படக் கூடாது. தலைமைச் செவிலியரின் அலுவலக நேரத்தையும் இதில் சேர்க்கக் கூடாது. இல்லங்களுக்கு அமெரிக்க அரசு நட்சத்திரங்களால் தரும் தர மதிப்பீட்டில் அது சேர்கிறது. அதனால் படுக்கையருகே இல்லாதவரும் எண்ணிக்கையில் வந்துவிடுகிறார்.

எந்த முறையானாலும் ஆள் எடுக்கும் கணக்கில்தான் பெரும்பாலும் சறுக்கும். தினமும் நிரப்ப வேண்டிய ஓர் இடம் வாரத்துக்கு 56 மணி. 40 மணி வேலை செய்பவர் என்றால் 1.4 ஆள். விடுப்பு, நோய், பயிற்சி ஆகியவற்றுக்கு 12 சதவீதம் ஒதுக்கினால் 1.6. அதனால் 30.7 ஷிப்டுக்கு 49 பேர் வேண்டும். விடுப்பை மறந்து 1.4 கணக்கில் 43 பேரை வைத்து ரோஸ்டர் போட்டால் இரண்டு பேர் காய்ச்சலில் படுத்ததுமே இரவு ஷிப்ட் உடையும். அமெரிக்காவில் 8 மணி ஷிப்டில் அரை மணி உணவு இடைவேளையைக் கழித்தே கணக்குக் கொடுக்க வேண்டும். மணிக்கணக்கு முறையில் 245 மணிக்கு 31 ஷிப்ட் போதும் என்று நினைப்பவருக்கு உண்மையில் 33 தேவைப்படும்.