டெல்டா டாக்டர் சட்டசபைத் தேர்தலில் நின்றால்: கட்சியா, சுயேச்சையா?

மன்னார்குடி, பாபநாசம் பக்கம் வைத்தியம் பார்க்கும் டாக்டர்கள் பலருக்கு வரும் குழப்பம் இது. அரசு டாக்டர் என்றால், எப்படி நின்றாலும் முதலில் வேலையை விட வேண்டும்.

வேட்புமனுவை முன்மொழிய: அங்கீகரிக்கப்பட்ட கட்சிக்குத் தொகுதி வாக்காளர் ஒருவர் போதும், சுயேச்சைக்கு 10 பேர். ஊருக்கே வைத்தியம் பார்த்தவருக்கு இது சுலபம்.

டெபாசிட்: இரண்டுக்கும் 10,000 ரூபாய், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 5,000.

சின்னம்: இங்கேதான் சிக்கல். கட்சிச் சின்னம் பாட்டிகளுக்கும் தெரியும். சுயேச்சைக்கோ, வாபஸ் நாள் முடிந்த பிறகுதான் சின்னம். அதைக் கடைமடைக் கிராமம்வரை கொண்டுசேர்க்க நாட்கள் போதாது.

சட்டசபையில்: எப்படி ஓட்டுப் போட வேண்டும் என்று கட்சி போடும் கொறடா உத்தரவைக் கட்சிக்காரர் மீறினால் பதவி போகலாம். சுயேச்சைக்கு அந்தக் கட்டு இல்லை. ஆனால் ஜெயித்தபின் கட்சியில் சேர்ந்தால் பதவி போகும்.

ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு நிதி கேட்டு வாங்குவதே நோக்கமென்றால் கட்சியில் நிற்கலாம். தண்ணீர், நிலப் பிரச்சினைகளில் யாருக்கும் கட்டுப்படாமல் பேச வேண்டுமென்றால் சுயேச்சைதான்.