நோஹப்பா, டீமக்ஸா?

நோஹப் (nohup), டீமக்ஸ் (tmux) இரண்டும் இணைப்பு அறுந்தாலும் வேலையைத் தொடரவைக்கும் லினக்ஸ் கருவிகள். தொலைவிலுள்ள லினக்ஸ் சர்வரில் நெடுநேர வேலை ஓடும்போது இணைப்பு அறுந்தால், முனையம் (கட்டளைகளைத் தட்டும் திரை) மறைந்த செய்தியை லினக்ஸின் மையமான கர்னல், 1-ஆம் எண் சிக்னலான சிக்ஹப் (SIGHUP) மூலம், கட்டளைகளை வாங்கி இயக்கும் நிரலான ஷெல்லுக்குச் சொல்கிறது; ஷெல் அதைத் தன் வேலைகளுக்கும் அனுப்ப, அவை முடிந்துபோகின்றன. நோஹப், அந்தச் சிக்னலைப் பொருட்படுத்தாதபடி நிரலைத் தொடங்கி, திரைக்கு வரவேண்டியதை நோஹப்.அவுட் கோப்பில் சேர்க்கிறது; ஆனால் நடுவில் நிரல் கேள்வி கேட்டால் பதில் தர வழியில்லை. டீமக்ஸோ பின்னணியில் ஓடும் தன் சொந்த சர்வர் புராசஸிடமே (இயங்கும் நிரலிடமே) மென்பொருளாலான ஒரு போலி முனையத்தை வைத்திருப்பதால், உள்ளிருக்கும் ஷெல்லுக்கு அந்தச் சிக்னலே வருவதில்லை. மறுபடி நுழைந்து 'டீமக்ஸ் அட்டாச்' என்று தட்டினால், பாதியில் விட்ட வரியிலேயே கர்சர் நிற்கும். தரவுத்தள மாற்றத்துக்கு நான் டீமக்ஸையே நம்புவேன். கேள்வி கேட்காத பேக்கப்புக்கு நோஹப் போதும். லினக்ஸின் சேவைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்டியில் கில்யூசர்புராசஸஸ் (KillUserProcesses) என்ற அமைப்பு இயக்கப்பட்டிருந்தால், பயனர் வெளியேறியதும் இரண்டுமே நிறுத்தப்படலாம் என்பதால், அந்த அமைப்பை முன்பே பார்த்துவிட வேண்டும்.