பை ஜீரோவும் டெஸ்க்டாப்பும் யுஎஸ்பியில் பேச: ஆர்என்டிஐஎஸ்ஸா, இசிஎம்மா, என்சிஎம்மா?

ராஸ்பெர்ரி பை ஜீரோ என்ற சின்னக் கணினி போர்டில் ஈதர்நெட் போர்ட் கிடையாது, 2015இல் வந்த முதல் ஜீரோவில் வைஃபையும் கிடையாது. டெஸ்க்டாப்பிலிருந்து ஒரே யுஎஸ்பி கேபிளில் மின்சாரமும் நெட்வொர்க்கும் கொடுத்துவிடுவதுதான் சுலபமான வழி. போர்டு அப்போது தன்னை ஒரு நெட்வொர்க் கார்டாகக் காட்டிக்கொள்ளும். எந்த நெறிமுறையில் காட்டிக்கொள்வது என்பதில்தான் ஆர்என்டிஐஎஸ், இசிஎம், என்சிஎம் என்று மூன்று கட்சி. தேர்ந்தெடுக்கும்போது போர்டைப் பார்க்காதீர்கள், எதிரே இருக்கும் டெஸ்க்டாப்பைப் பாருங்கள்.

அதற்கு முன்னால் கேபிள். சார்ஜ் மட்டும் ஏற்றும் கேபிளில் டேட்டா ஒயரே இருக்காது, எல்ஈடி எரியும், டெஸ்க்டாப்புக்கு ஒன்றும் தெரியாது. ஜீரோவில் இரண்டு மைக்ரோ யுஎஸ்பி போர்ட் உண்டு, பவர் என்று போட்டிருப்பதை விட்டுவிட்டு மற்றதில் செருக வேண்டும்.

ஆர்என்டிஐஎஸ் மைக்ரோசாஃப்டின் சரக்கு. விண்டோஸ் 10 மெஷின் என்றால் வேறு வழியில்லை, ஏனென்றால் இசிஎம்முக்கு விண்டோஸில் டிரைவர் வருவதில்லை. ஆனால் தன் சொந்த நெறிமுறையையே விண்டோஸ் 10 பல நேரம் சரியாக அடையாளம் காணாது என்பதுதான் வேடிக்கை: டிவைஸ் மேனேஜரைத் திறந்தால் போர்டு நெட்வொர்க் கார்டுகளில் இருக்காது, ஒரு காம் போர்ட்டாக, அதாவது சீரியல் போர்ட்டாகப் போய் உட்கார்ந்திருக்கும். அதை ரைட் கிளிக் செய்து, டிரைவரைப் பட்டியலிலிருந்து நாமே எடுத்துக்கொள்வதாகச் சொல்லி, நெட்வொர்க் அடாப்டர்களில் மைக்ரோசாஃப்டின் கீழே 'ரிமோட் என்டிஐஎஸ்' என்று தொடங்குவதைக் கொடுத்தால் சரியாகிவிடும். மேக் வைத்திருப்பவர்கள் இந்தப் பக்கமே வர வேண்டாம்.

இசிஎம் லினக்ஸிலும் மேக்கிலும் செருகிய உடனே வேலை செய்யும், எளிமையானது. பை-யில் பலரும் போடும் ஜி-ஈதர் மாட்யூல் (போர்டை நெட்வொர்க் கார்டாகக் காட்டும் லினக்ஸ் டிரைவர்) ஆர்என்டிஐஎஸ், இசிஎம் இரண்டையும் நீட்டும். லினக்ஸ் டெஸ்க்டாப் எதை எடுத்துக்கொண்டது என்று டிமெஸ்ஜி (கெர்னல் பதிவைக் காட்டும் கட்டளை) பார்த்தால் தெரியும். பீகிள்போன் என்ற இன்னொரு போர்டு இன்னும் தெளிவு: இரண்டையும் தனித்தனி இணைப்பாகத் தருகிறது, விண்டோஸுக்கு 192.168.7.2, மற்றவர்களுக்கு 192.168.6.2.

என்சிஎம் புதியது, ஒரே யுஎஸ்பி பரிமாற்றத்தில் பல ஈதர்நெட் ஃபிரேம்களைக் கட்டி அனுப்பும், அதனால் பெரிய கோப்புகளுக்கு நல்லது. விண்டோஸ் 11, மேக், லினக்ஸ் மூன்றிலும் டிரைவர் கூடவே வருகிறது. இன்றைக்குப் புதிதாக அமைப்பவருக்கு என் ஓட்டு இதற்குத்தான். விண்டோஸ் 10 ஒன்று வீட்டில் மிச்சம் இருந்தால் மட்டும் ஆர்என்டிஐஎஸ்.

சரி, இணைப்பு வந்துவிட்டது, பிங் (மறுமுனை பதில் தருகிறதா என்று பார்க்கும் சோதனை) போகவில்லை. இங்கே நெறிமுறையை மாற்றி மாற்றிப் பார்ப்பது வீண், பெரும்பாலும் கோளாறு முகவரியில் இருக்கும். ராஸ்பெர்ரி பை ஓஎஸ் புக்வார்ம் பதிப்பிலிருந்து இணைப்புகளைக் கவனிக்க நெட்வொர்க் மேனேஜர் வந்துவிட்டது, அதன் யுடெவ் விதி (சாதனம் தெரிந்ததும் என்ன செய்வது என்று சொல்லும் கோப்பு) ஒன்று இந்த மாதிரி கேட்ஜெட் இணைப்புகளைத் தொடாதே என்று சொல்லிவைத்திருக்கிறது. பழைய வழிகாட்டியை வரி பிசகாமல் பின்பற்றினாலும் யுஎஸ்பி0-க்கு (போர்டில் இந்த இணைப்பின் பெயர்) ஐபி முகவரி வராமல் போவது இதனால்தான். அந்த விதியை மாற்றி எழுத வேண்டும். அப்புறம், கையால் ஐபி கொடுக்கிறவர்கள் வீட்டு ரூட்டர் 192.168.1-இல் இருக்கும்போது இதற்கும் அதே வரிசையில் கொடுத்துவிடுகிறார்கள், பாக்கெட் எந்தப் பக்கம் போகும் என்று டெஸ்க்டாப்புக்கே குழப்பம். வேறு சப்நெட் (முகவரி வரிசை) கொடுங்கள். லினக்ஸ் டெஸ்க்டாப்பில் பகிர்வு முறையைப் போட்டால் அதுவே 10.42 வரிசையில் முகவரி கொடுத்து, இணையத்தையும் போர்டுக்குத் திறந்துவிடும், எனக்குப் பிடித்தது அதுதான்.

இன்னொரு தொல்லை: ஜி-ஈதர் ஒவ்வொரு பூட்டுக்கும் புது மேக் முகவரி (ஆப்பிள் மேக் அல்ல, நெட்வொர்க் கார்டின் அடையாள எண்) உருவாக்கும். டெஸ்க்டாப் அதைப் புது கார்டு என்று நினைத்து, நேற்று போட்ட அமைப்பையெல்லாம் மறந்துவிடும். மாட்யூலுக்கு இரண்டு முனைக்கும் நிலையான மேக் முகவரி எழுதிக் கொடுத்துவிட்டால் தீர்ந்தது.

எதுவுமே தெரியவில்லை என்றால் சீரியல் கன்சோல், அதாவது நெட்வொர்க் இல்லாமல் ஒயர் வழியே போர்டோடு நேராகப் பேசும் முறை. முன்கூட்டியே அதை இயக்கி வைத்திருந்தால், போர்டின் ஜிபிஐஓ பின்களில் 14, 15 இரண்டிலும் ஒரு யுஎஸ்பி-டிடிஎல் கேபிளை மாட்டி, 115200 வேகத்தில் திறந்து, போர்டு உள்ளே என்ன புலம்புகிறது என்று நேராகப் படிக்கலாம். கேபிள் 3.3 வோல்ட் சிக்னல் தருவதாக இருக்கட்டும், 5 வோல்ட் போனால் அந்தப் பின் போய்விடும்.