பின்னல் சங்கத்தின் மாதக் கூட்டம்: ஓராண்டு அனுபவம்

டொராண்டோவில் நான் வசிக்கும் பகுதியின் கம்பளிப் பின்னல் சங்கம் மாதந்தோறும் நடத்தும் கூட்டங்களுக்கு ஓராண்டாகச் சென்றுவருகிறேன். ஒரு கூட்டத்துக்கு ஒரே ஒரு நுட்பத்தை எடுத்துக்கொண்டு, மூத்த உறுப்பினர்கள் அருகில் அமர்ந்து கற்பிக்கிறார்கள்.

ஸ்காட்லாந்தின் ஷெட்லாந்து தீவுகளுக்கு உரிய ஃபேர் ஐல் பின்னலில் வரிசைக்கு இரண்டு வண்ணங்களே வரும் என்பதும், பயன்படாத நூலைப் பின்புறம் தளர்வாக ஓடவிட வேண்டும் என்பதும் காணொளிகளில் கேட்டவைதாம். ஆனால் என் பின்னலைத் தடவிப் பார்த்த ஓர் அம்மையார், கண்ணிகளை ஊசியில் நன்றாகப் பரப்பிவிட்டு அடுத்த வண்ணத்துக்குப் போகச் சொன்ன பிறகே சுருக்கம் நீங்கியது. குழாய்போல் வட்டமாகப் பின்னிய மேலாடையைக் கத்தரிக்கோலால் நடுவே வெட்டித் திறக்கும் ஸ்டீக் முறையையும் அங்கேதான் துணிந்து செய்தேன். ஷெட்லாந்துக் கம்பளியின் இழைகள் ஒன்றையொன்று பற்றிக்கொள்வதால் வெட்டிய ஓரம் எளிதில் பிரிவதில்லை. வழுவழுப்பான பருத்தி நூலில் இதை முயல வேண்டாம் என்று முன்பே எச்சரித்தார்கள். அந்த அக்கறைக்காகவே இச்சங்கத்தை மனமாரப் பரிந்துரைக்கிறேன்.

இரண்டு மணி நேரத்தில் அறிவிப்புகளுக்கே அரை மணி நேரம் போய்விடுவது குறைதான். இடக்கைப் பழக்கமுள்ளவர்கள் முன்கூட்டியே தெரிவித்தால், எதிரே அமர்ந்து கற்றுத்தருகிறார்கள்.