முரசுமோட்டை வீட்டு முட்டை: சின்னதைக் கேட்டு வாங்குங்கோ

பரந்தனிலிருந்து முல்லைத்தீவுக்குப் போகிற றோட்டில், முரசுமோட்டையில் ஒரு அக்கா வீட்டிலேயே சிவப்பு முட்டை விற்கிறா. கடைகளில் எல்லா முட்டையும் ஒன்றாய்க் கலந்து கிடக்கும். இவ இப்பதான் இடத் தொடங்கிய பேடுகளின் (இளம் கோழிகளின்) முட்டையை ஒரு தட்டிலும், வருசம் கடந்த கோழிகளின் முட்டையை வேறொரு தட்டிலும் வைத்திருப்பா. விலையும் நிறைக்கேற்றபடிதான். 2023 ஏப்ரலில் அரசாங்கம் சிவப்பு முட்டைக்குக் கிலோ 920 ரூபா என்று உச்ச விலை வைத்தபோதும் கடைகளில் எண்ணித்தான் தந்தார்கள். எனக்கு அக்காவின் கணக்கே நியாயமாய்ப் படுகுது.

பேடுகளின் சின்ன முட்டையைக் கண்டால் சனம் முகத்தைச் சுழிக்கும். 45 கிராம் அளவில்தான் வரும். மூத்த கோழியின் முட்டை 65ஐயும் தொடும். ஆனால் தாச்சியில் உடைத்து ஊற்றிப் பாருங்கோ: வெள்ளைக்கரு பரவி ஓடாமல் மஞ்சளைச் சுற்றித் திரண்டு நிற்கும். கோழிக்கு வயது ஏற ஏற, அன்றைக்கு இட்ட முட்டையிலும் வெள்ளைக்கரு இளகிப்போகும். ஓட்டின் கதையும் அதுதான். முட்டை பெருக்கிற அளவுக்குக் கோழி விடுகிற சுண்ணாம்பு பெருகாது. இருக்கிறதைப் பெரிய முட்டை முழுக்கப் போர்த்தினால் ஓடு மெலியும், சிவப்பும் வெளிறும். அக்கா சிப்பித்தூளைக் கூட்டித்தான் போடுறா, என்றாலும் வயதை முழுசாய் மறிக்க ஏலாது.

பொரிக்க, அரை அவியலுக்கு நான் சின்னதைத் தவிர வேறு எடுப்பதில்லை. கேக்குக்குப் பெரியது நல்லது. அதில் மஞ்சட்கருவின் பங்கும் கூட. பேட்டின் முட்டையில் இடைக்கிடை இரட்டைக்கரு விழும். பேட்டின் உடம்பு இன்னும் ஒழுங்குக்கு வராததால் இரண்டு கரு ஒன்றாய் இறங்கிவிடும், பயப்படாமல் சாப்பிடலாம். ஓடு இறுகாத தோல்முட்டை விழுந்தால் அக்கா விற்கமாட்டா, வீட்டுச் சமையலுக்கு எடுத்துவிடுவா. மஞ்சள் கடுமையாய் இருப்பதற்கு வயது காரணமில்லை, தீன்தான். இவ முருங்கையிலை போடுறா.

ஒரு குறை. பெரிய முட்டையையும் வெறும் சொப்பிங் பையில்தான் கட்டித் தருவா. உள் றோட்டுக் கிரவலில் மோட்டார் சைக்கிள் குலுங்க, மெலிந்த ஓடு வெடித்துவிடும். வாளியில் உமி கொண்டுபோங்கோ.

புதுப் பேடுகள் இடத் தொடங்கிச் சில கிழமைக்குத்தான் இந்தச் சின்ன முட்டை கிடைக்கும். அடுத்த தொகுதி எப்ப என்று அக்காவிடம் முன்னமே கேட்டு வையுங்கோ.